ஏழு அங்குலம் பதிந்த விறாந்தை

எங்கள் பாடசாலையின் பழைய மண்டபத்தைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள். கூரை அப்படி. பனஞ்சலாகைகள் வரிசையாய் இறங்க, அவற்றின்மேல் சீமை ஓடு. பிறகு தூண்களைத் தட்டிப் பார்ப்பார்கள். "என்ன குளிர்மை" என்பார்கள். படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒருவர்கூடக் குனிந்து நிலத்தைப் பார்த்ததில்லை. பதினாறு வருடமாக அங்கே கணிதம் படிப்பிக்கிற நானும் பார்த்ததில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என்மேல்தான் முதற்கோபம் வருகிறது.

பாடசாலை வடமராட்சியில், உடுப்பிட்டிக்கும் பருத்தித்துறைக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பக்கத்து ஊர்க்காரர் எல்லோரும், நல்ல வேளை எங்கள் பள்ளிக்கூடம் இல்லை என்று நிம்மதியாய்ச் சோறு சாப்பிடுவார்கள். அந்த நிம்மதியை நான் கொடுப்பதாக இல்லை. அவரவர் தங்கள் பள்ளிக்கூடத்து நிலத்தை ஒருமுறை அளந்து பார்க்கட்டும்.

மண்டபம் அறுபது அடி நீளம். ஒன்றரை அடி தடித்த சுவர், எங்கள் மண்ணிலேயே வெட்டியெடுத்த வெள்ளைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். உள்ளே தடுப்புச் சுவர் கிடையாது. கரும்பலகைகளைக் குறுக்கே நிறுத்தி, ஐந்து வகுப்புகளை ஒரே கூரைக்குக் கீழ் நடத்துவோம். நான் பின்னம் படிப்பிக்கிறபோது பக்கத்து வகுப்பில் தேவாரம் போகும். அதனால் எங்கள் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் பருத்தித்துறைச் சந்தையில் மீன் கூறி விற்கக்கூடிய குரல். வடக்கே தெருவைப் பார்த்து முன்விறாந்தை, தெற்கே கிணற்றைப் பார்த்துப் பின்விறாந்தை. முன்பக்கத் தூண் ஒன்றை ஷெல் துண்டு கடித்துவிட்டுப் போயிருக்கிறது. அந்தக் கடியை யாரோ சீமெந்து பூசி அடைத்திருக்கிறார்கள். சண்டைக் காலம் முழுக்க நின்ற கட்டடம். அதில் எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை.

வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் சேர்ந்து மண்டபத்தைத் திருத்தித் தருவதாகவும், அதையொட்டி ஒரு மலர் வெளியிடுவதாகவும் ஏற்பாடாயிற்று. அதிபர் என்னை அழைத்தார்.

"ரீச்சர், மண்டபத்தின்ரை வரலாறும் கட்டட அமைப்பும் நீங்கள்தான் எழுதவேணும்."

"தமிழ் ரீச்சர்மார் மூண்டு பேர் இருக்க நானோ?"

"அவை எழுதினால் மண்டபம் கதைக்கும், கண்ணீர் விடும். நீங்கள் எழுதினால் நீளம் அகலமாவது சரியா இருக்கும்."

நியாயமான பேச்சு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அளக்கப் போனேன். நாடா, கயிறு, மேசன்மார் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாய் எல்லாம் கொடுத்து, குழு குழுவாய்ப் பிரித்துவிட்டேன். தூணின் சுற்றளவு, யன்னலின் உயரம், சலாகைகளின் எண்ணிக்கை என்று ஆளுக்கொரு வேலை. நான் வேப்பமரத்துக்குக் கீழ் கதிரை போட்டு இருந்து அதிகாரம் செய்துகொண்டிருந்தேன். கேள்வி கேட்டே என்னைச் சாகடிக்கிற பிள்ளை ஒருத்தி, குழாயும் கையுமாக வந்து நின்றாள்.

"ரீச்சர், முன்விறாந்தை மண்டபத்தோடை ஒரே மட்டம். பின்விறாந்தை மட்டும் ஏழு அங்குலம் பதிஞ்சு கிடக்கு. ஏன் அப்பிடிக் கட்டினவை?"

"எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்லுறன்" என்றேன். ஒரு நாளைக்கு நூறு தடவை நான் ஏறி இறங்குகிற படி அது. ஒருநாளும் அதைக் கணக்கில் எடுத்ததில்லை.

வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பாவுக்கு எண்பத்து மூன்று வயது. பருத்தித்துறை–யாழ்ப்பாணம் பஸ்ஸில் முப்பது வருடம் கொண்டக்டராக இருந்தவர். முதற்சம்பளத்தில் சுன்னாகத்தில் ஒரு கைக்கதிரை வாங்கி, பஸ்ஸின் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்தவர். அந்தக் கதிரையில் அவரைத் தவிர வேறு யாரும் இருப்பதில்லை. அன்று பின்னேரம் அதில் இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணி குடித்தபடி அளந்த கதையைச் சொன்னேன். அவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

"பின்விறாந்தையிலை சலாகை நாற்பத்தொண்டு" என்றேன்.

"நாற்பத்திரண்டு" என்றார், பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பிள்ளையள் மூண்டு தரம் எண்ணினவை அப்பா."

"கிழக்குக் கோடியிலை ஒண்டு பாதி சாந்துக்குள்ளை தாண்டு கிடக்கும். நிண்டு பார்த்தால் குறுக்கு வளை மறைச்சுப்போடும். நிலத்திலை இருந்து பார்த்தால்தான் தெரியும்."

சொல்லிவிட்டுப் பத்திரிகையை மடித்தார். கோழிக்கு அரிசி போட்டாயா என்று கேட்டார். எங்கள் வீட்டில் கோழி இல்லாமல் போய் இரண்டு வருடம்.

அடுத்தநாள் பிள்ளைகள் வருவதற்கு முன் போய், பின்விறாந்தையின் மேற்கு மூலையில், சேலையோடு அப்படியே நிலத்தில் இருந்தேன். அண்ணாந்தேன். குறுக்கு வளைக்குக் கீழால் என் பார்வை சரிந்து ஏறிப் போனது. அந்தக் கோடியில் நாற்பத்திரண்டாவது சலாகை பாதி உடம்பைச் சுவருக்குள் விட்டுக்கொண்டு கிடந்தது. கண்மட்டம் தாழ்ந்தால் ஏற்றக்கோணம் கூடும். இதை நான் எத்தனை வருடமாகக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருப்பேன். பக்கத்தில் இருந்த யன்னலைப் பார்த்தேன். அதன் அடிக்கட்டு என் தலைக்கு மேலே இருந்தது. அங்கே நிலத்தில் இருக்கிற பிள்ளைக்கு உள்ளே நடக்கிற எதுவும் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். பார்க்கக் கூரை மட்டும்தான் உண்டு. எண்ணுவதற்குச் சலாகை மட்டும்தான் உண்டு.

சாதியைச் சொல்லி எங்கள் ஆட்களின் பிள்ளைகளை அந்தக் காலத்தில் வாங்குப் பலகையில் இருக்கவிடவில்லை என்று பொதுவாகத் தெரியும். பழைய கதை, எல்லா ஊரிலும் நடந்த கதை என்று கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் என் அப்பாவின் முதுகு எந்தச் சுவரில் சாய்ந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் சொன்னதில்லை. கலியாண வீடுகளில் பாய் விரித்துப் பந்தி போட்டால், "எனக்குப் பசிக்கேல்லை" என்று வெளியில் நிற்பார். கோயில் மண்டபத்திலும் தூணோடு நிற்பார். கடற்கரைக்குப் போனாலும் நிற்பார். நிலத்தில் இருக்கவே மாட்டார். கொண்டக்டராய் நின்று பழகிய கால் என்று அம்மா சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அன்று போய் நேரே கேட்டேன்.

"ஓம். அஞ்சாம் வகுப்பு முடியும் மட்டும். நாங்கள் பதினொரு பேர். ரெண்டாம் யன்னலுக்குக் கீழை என்ரை இடம். கணக்குச் செய்தால் சிலேட்டை யன்னல் கட்டுக்கு மேலை தூக்கிப் பிடிக்கவேணும். வாத்தியார் உள்ளை நிண்டு பார்ப்பார். கையாலை வாங்கமாட்டார். சரியெண்டால் ஒண்டும் சொல்லமாட்டார். பிழையெண்டால் பிரம்பு யன்னலுக்குள்ளாலை வரும்."

"மழைக்கு?"

"ஈரத்திலை இருந்தனாங்கள். வேறை என்ன செய்யிறது?"

அந்த இரவே எழுதிவிட்டேன். நீளம், அகலம், சுவரின் தடிப்பு, ஓடு, தூண் எல்லாம் ஒழுங்காய் எழுதி, கடைசியில் மூன்று வரி: "பின்விறாந்தை மண்டபத்தைவிட ஏழு அங்குலம் தாழ்வாகக் கட்டப்பட்டது. ஒரு சாராரின் பிள்ளைகள் உள்ளே வாங்கில் இருக்க அனுமதிக்கப்படாமல் அங்கே நிலத்தில் இருத்தப்பட்டார்கள். அவர்களுக்கும் இந்தப் பாடசாலை படிப்பித்ததாகவே பதிவேடு சொல்கிறது."

அதிபர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனிதர் இல்லை. வயதில் என்னைவிடச் சின்னவர். ஒரு விழாவைச் சண்டை இல்லாமல் முடித்தால் போதும் என்று நேர்த்தி வைக்கிற ரகம்.

"ரீச்சர், நடக்கேல்லை எண்டு நான் சொல்லேல்லை. இப்ப எல்லாப் பிள்ளையளும் ஒண்டாத்தானே இருக்கினம்? பழைய புண்ணை ஏன் கிண்டுவான்? அதோடை அந்த விறாந்தையை நிரப்பி மட்டமாக்கி மாபிள் பதிக்கப்போறம். இல்லாத ஒண்டைப் பற்றி எழுதி என்ன?"

விறாந்தையை நிரப்புகிற விஷயம் எனக்கு அப்போதுதான் தெரியும். கனடாவிலிருந்து வந்திருந்த பழைய மாணவர், பொறியியலாளர், திருத்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை மறித்தேன். "ஒரே மட்டமா இருந்தால் பார்க்க வடிவா இருக்கும் ரீச்சர். உது அந்தக் காலத்திலை மழைத்தண்ணி வடியிறதுக்குப் பதிச்சுக் கட்டியிருப்பினம்" என்றார்.

என் மேசை லாச்சியில் பொடியன்கள் உருட்டி விளையாடப் பறித்த கண்ணாடிப் போளைகள் எப்போதும் கிடக்கும். ஒன்றை எடுத்துவந்து, அதிபரும் பார்த்து நிற்க, விறாந்தையின் வெளிவிளிம்பில் வைத்தேன். அது முற்றத்துப் பக்கம் போகவில்லை. மெல்ல உருண்டு உள்ளே வந்து, சுவரோடு முட்டி நின்றது.

"தண்ணி வடியக் கட்டின நிலமெண்டால் போளை கிணத்துப் பக்கமெல்லோ ஓடவேணும்? உது சுவருக்கு ஓடுது. பிள்ளையள் இருந்த இடத்திலைதான் தண்ணி வந்து நிக்கும். வாடை மழை அடிக்கிறதும் வடக்காலை. அப்ப முன்விறாந்தையை ஏன் பதிச்சுக் கட்டேல்லை?"

பொறியியலாளர் குனிந்து போளையை எடுத்து, தானே ஒருதரம் உருட்டிப் பார்த்தார். அந்த அளவுக்கு நேர்மையானவர். பிறகு, "அப்ப மேசன்ரை பிழைதான். நிரப்புறதுக்கு அது இன்னும் நல்ல காரணம்" என்றார். சனிக்கிழமை கலவை போடுவதென்று முடிவாயிற்று.

சண்டை பிடிக்க எனக்குப் பயம் இல்லை. கல்வி அலுவலகத்துக்கு எழுதுவேன், பத்திரிகைக்கு எழுதுவேன் என்று வீட்டில் குதித்தேன். அப்பா குறுக்கே வெட்டினார்.

"மூடட்டும், விடு பிள்ளை."

"மூடுறதோ? உங்களை இருத்தின இடம் அப்பா."

"அதுதான் மூடட்டும் எண்டுறன். இன்னார் இருந்த இடம் இதுதான் எண்டு வாற போற ஆக்களுக்குக் காட்டவோ?"

"வெட்கம் உங்கடை இல்லை. இருத்தினவையின்ரை."

"உனக்கு உப்பிடிச் சொல்லச் சுகம். நீ வாங்கிலை இருந்து படிச்சனி."

குசினிக்குள் போய்க் கோபத்தில் அழுதேன். கோபம் அதிபர்மேலா அப்பாமேலா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி. இருந்தது அவர். அதை ஊருக்குச் சொல்லுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க நான் யார்? அடுத்தநாள் அதிபரிடம் போய், கடைசி மூன்று வரியையும் எடுத்துவிடச் சொன்னேன். அவருடைய முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மலரின் அச்சுப்பிரதி பிழை திருத்த வந்தது. என் கட்டுரை. கீழே என் பெயர். கடைசி மூன்று வரியை வெறுமனே எடுத்துவிடவில்லை. அதன் இடத்தில் வேறொன்று இருந்தது: "பின்விறாந்தை சற்றுத் தாழ்வாக அமைக்கப்பட்டிருந்தமை, மழைநீர் வடிந்தோடுவதில் எம் முன்னோர் கொண்டிருந்த தூரநோக்கைப் பறைசாற்றுகின்றது." நான் பறைசாற்றுகின்றது என்று வாழ்நாளில் எழுதியதில்லை. என்னுடைய போளை சுவரில் முட்டி நின்றதைப் பார்த்தவர்கள் தெரிந்துகொண்டே அதை எழுதி, என் பெயருக்கு மேலே வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை அப்பாவின் மடியில் போட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். இன்னொரு தடவை, விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு வாசித்தார். ரிக்கற் கட்டை வருடக்கணக்காய்ப் பிடித்த பெருவிரல் கடைசிச் சொல்லில் வந்து நின்றது.

"உதை நீயோ எழுதினனி?"

"இல்லை அப்பா."

"மழைத்தண்ணியோ?" என்றார். "மழைத்தண்ணி எங்களிலைதான் நிண்டது." எழும்பித் தாளை என்னிடம் தந்தார். "மூடுறதெண்டால் மூடட்டும் எண்டுதான் சொன்னனான். பொய் சொல்லி மூடச் சொல்லேல்லை. மேசன்மார் எத்தினை மணிக்கு வருவினம்?"

சனிக்கிழமை ஏழு மணிக்கே நான் போய்விட்டேன். மேசன் முற்றத்தில் கலவையைக் குழைத்துக்கொண்டிருந்தார். அதிபரும் பொறியியலாளரும் நின்றார்கள். நான் அச்சுப்பிரதியை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு, விழாவுக்கு ஒத்திகை பார்க்க வந்த பிள்ளைகள் மண்டபத்துக்குள் கூடிவிட்டார்கள். அப்போது ஆட்டோ ஒன்று கிணற்றடி வரைக்கும் வந்து நின்றது. முதலில் கதிரையின் நாலு கால் வெளியே வந்தது. பின்னால் அப்பா. மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டும் களிசானும், வேலைக்குப் போகிற காலத்தில் போடுகிற மாதிரி.

தூக்க ஓடினேன். விடவில்லை. தானே கதிரையைத் தூக்கி, மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கி, பின்விறாந்தைக்கு ஏறினார். இரண்டாம் யன்னலுக்குக் கீழே கதிரையை வைத்தார். ஒருதரம் ஆட்டிப் பார்த்து, கால்கள் நாலும் பதிந்தபின் அதில் இருந்தார். முதுகைச் சாய்த்தார். அண்ணாந்து பார்த்தார்.

"நாற்பத்திரண்டுதான்" என்றார் என்னைப் பார்த்து.

அதிபர் பதறிப்போனார். "ஐயா, இஞ்சை வேலை நடக்கப்போகுது. உள்ளை வந்து இருங்கோ. ஒவ்வீசிலை ஃபான் கிடக்கு."

"உள்ளை பிறகு வாறன் சேர். எழுபத்தஞ்சு வருசத்துக்கு முன்னாலை இதுதான் உன்ரை இடம் எண்டு சொன்னவை. அப்ப கதிரை தரேல்லை. இப்ப நானே கொண்டுவந்திருக்கிறன். நீங்கள் கலவையைப் போடுங்கோ. நான் காலைத் தூக்கமாட்டன்."

மேசன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "கலவை இறுகுது சேர்" என்றார்.

அப்போதுதான் யன்னலுக்கு உள்ளிருந்து, குழாய் பிடித்த அந்தப் பிள்ளை தலையை நீட்டினாள். கீழே அப்பாவின் நரைத்த தலை. "ஐயா, உங்களை ஏன் வெளியிலை இருத்தினவை?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "எனக்குத் தெரியாது பிள்ளை. நான் ஒரு பிழையும் செய்யேல்லை. இருத்தின ஆக்களைத்தான் கேட்கவேணும். நான் படிச்ச பள்ளிக்கூடம் இது. பள்ளிக்கூடத்தைக் கேள்."

அவள் தயங்கவே இல்லை. அதிபர் பக்கம் திரும்பினாள். "ஏன் சேர்?"

அவளுக்குப் பின்னால் மண்டபம் நிறையப் பிள்ளைகள். யார் வீட்டுப் பிள்ளைகள் யாரோடு தோளில் கைபோட்டு நின்றார்கள் என்று நான் எண்ணவில்லை. அதிபர் பொறியியலாளரைப் பார்த்தார். பொறியியலாளர் நிலத்தைப் பார்த்தார். அவருடைய பாட்டனார் உள்ளே வாங்கில் இருந்தவர் என்பது ஊருக்கே தெரியும். மழைத்தண்ணி என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. அச்சில் போடுவது வேறு, ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லுவது வேறு.

கடைசியில் அதிபர் மேசனிடம், "கலவையைச் சைக்கிள் கொட்டிலடிக்குக் கொண்டுபோங்கோ" என்றார். பிள்ளையிடம், "எழுதிப்போட்டுச் சொல்லுறன் அம்மா" என்றார். சொன்னபடியே செய்தார் என்பதை நான் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மலரில் என் மூன்று வரியும் அப்படியே வந்தது. நான்காவதாக ஒரு வரி, அதிபருடைய கையால்: "இது பிழை, இதற்குப் பாடசாலை வெட்கப்படுகிறது." விழாவுக்கு வந்த சிலர் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு என்னோடு கதைக்காமல் போனார்கள். போகட்டும். கணக்கு ரீச்சருக்குக் கழித்தல் புதிதில்லை.

அன்று மத்தியானம் ஆட்டோ திரும்பி வந்தது. நான் கதிரையைத் தூக்கப் போனேன்.

"அது கிடக்கட்டும்" என்றார் அப்பா.

"முதற்சம்பளத்திலை வாங்கினது அப்பா. வீட்டிலை எதிலை இருப்பியள்?"

"வீட்டிலை நான் எதிலை இருந்தாலும் ஆரும் எழுப்பமாட்டினம்."

இப்போது வீட்டில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்துதான் பத்திரிகை வாசிக்கிறார். நாரி நோகிறது, முதுகு நிமிரவில்லை என்று முறைப்பாடு வேறு. மற்றக் கதிரை பின்விறாந்தையில், இரண்டாம் யன்னலுக்குக் கீழே இருக்கிறது. கூட்டுகிற நேரத்தில் யாராவது அதை உள்ளே தூக்கி வைத்துவிடுவதுண்டு. இரண்டு தடவை நடந்திருக்கிறது, இரண்டு தடவையும் நான் திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன். பிறகு நாடா பிடித்து இடத்தை அளந்து, என் வகுப்புச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன். மேற்கு வாசலிலிருந்து பதினெட்டு அடி, சுவரிலிருந்து ஒன்பது அங்குலம். இனி யார் நகர்த்தினாலும் எட்டாம் வகுப்பு போய்ச் சரியான இடத்தில் வைக்கும்.